இலங்கைக்குத் தெற்கே ஒரு பள்ளம்

சென்னையில் கடலை ஒட்டிய மனையொன்றை அளக்க வரும் சர்வேயர், தன் ஜிபிஎஸ் கருவி காட்டும் உயரத்தைத் திருத்தம் எதுவும் செய்யாமல் படித்தால் திரையில் கழித்தல் குறியோடு 80க்கு மேற்பட்ட ஓர் எண் வரும். அலை வந்து காலை நனைக்கும் இடத்தில் நிற்பவருக்கு உயரம் மைனஸ் 80 சொச்சம் மீட்டர். கருவியில் பழுது இல்லை. துருவங்களில் லேசாகத் தட்டையான, வழவழப்பான ஒரு கணிதக் கோளத்தைப் பூமி என்று வைத்துக்கொண்டு செயற்கைக்கோள்கள் உயரம் சொல்கின்றன. உண்மையான கடல் மட்டம் அந்தக் கோளத்தோடு ஒட்டிப் போவதில்லை. தமிழகக் கரையில் அது 80 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ராமேஸ்வரம், கொழும்பு என்று தெற்கே போகப் போக இன்னும் இறங்கி, இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் மைனஸ் 106 மீட்டரைத் தொடுகிறது. உலகிலேயே கடல் மட்டம் இவ்வளவு தாழ்ந்த இடம் வேறில்லை. எதிர்முனையில், நியூ கினி தீவை ஒட்டிய கடல் ஏறத்தாழ 85 மீட்டர் மேலெழுந்து நிற்கிறது.

காற்றும் அலையும் நீரோட்டமும் ஓய்ந்து, ஈர்ப்பு விசைக்கு மட்டுமே கட்டுப்பட்டுக் கடல் அமைதியாகக் கிடந்தால் அதன் பரப்பு எந்த வடிவம் எடுக்குமோ அதற்கு ஜியாய்டு என்று பெயர். கடலில் பள்ளம் இருந்தால் சுற்றிலுமுள்ள நீர் ஓடிவந்து நிரப்பிவிடாதா என்று கேட்கத் தோன்றும். நிரப்பாது. நீர் ஓடுவதற்கு மட்ட வேறுபாடு வேண்டும்; எது மட்டம் என்பதைத் தீர்மானிப்பதே ஈர்ப்பு விசைதான். நிறை குறைந்த பகுதியின் மேல் மட்டமே தாழ்ந்துவிடுவதால் அதன் மீது போகும் கப்பல் சரிவையும் உணராது, ஏற்றத்தையும் உணராது. அங்கே ஈர்ப்பு விசையின் குறைவு ஏறத்தாழ 50 மில்லிகால், அதாவது 20,000இல் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அங்கே போனால் 3 கிராம் இளைப்பார். 2023இல் இதைப் பற்றிய ஓர் ஆய்வு வெளியானபோது செய்தித்தாள்கள் ‘ஈர்ப்பு ஓட்டை’ என்று தலைப்பிட்டன. எதையோ உறிஞ்சிக்கொள்ளப் போகிற சுழி போலப் படமும் போட்டன. அப்படியெல்லாம் எதுவுமில்லை. ஆனால் 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பில் 3 கிராம் குறைவதற்கு, அடியில் மிகப் பெரிய ஏதோ ஒன்று வழக்கத்துக்கு மாறாக இருந்தாக வேண்டும். அது எது, எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதுதான் எழுபது ஆண்டுகளாக நீடிக்கும் கேள்வி.

எடை போட்டுப் பூமியின் உள்ளே எட்டிப் பார்க்கும் வித்தை பெரும்பகுதி இந்திய மண்ணில் பிறந்தது. 1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து ஓர் அடிக்கோடு அளந்தார். அங்கே தொடங்கிய முக்கோண அளவை, ஜார்ஜ் எவரெஸ்டின் காலத்தில் இமயமலையின் அடிவாரத்தைத் தொட்டபோது ஒரு கணக்கு இடித்தது. கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு நிலையங்களின் அட்சரேகை வித்தியாசத்தை நிலத்தில் அளந்தால் ஒரு விடை, நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்தால் இன்னொரு விடை. இரண்டுக்கும் இடையே 5.236 வினாடிக் கோணம் பிசகியது. இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்பது எளிய விளக்கம். கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த ஜான் ஹென்றி பிராட் உட்கார்ந்து மலையின் நிறையைக் கணக்கிட்டார். இழுப்பு 15.885 வினாடி இருந்திருக்க வேண்டும் என்று வந்தது. மலை இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருக்கிறது! 1855இல் வானியலாளர் ஜார்ஜ் ஏய்ரி இதற்குக் காரணம் சொன்னார்: மலைக்கு அடியில் அடர்த்தி குறைந்த பாறை வேராக இறங்கியிருக்கிறது, மேலே கூடிய நிறையை அது கீழே ஈடுகட்டுகிறது. வேரெல்லாம் இல்லை, பாறையின் அடர்த்தியே இடத்துக்கு இடம் மாறுகிறது என்று பிராட் பிற்பாடு வேறொரு கணக்குப் போட்டார். இரண்டு பேரின் கணக்கும் தூக்குக்குண்டின் சாய்வுக்குப் பொருந்திவந்தது. இந்தச் சங்கடத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கடலுக்குப் போனாலும் அது கூடவே வரும்.

கடலில் ஈர்ப்பை அளப்பது நெடுநாள் முடியாத காரியமாகவே இருந்தது. ஊசல் ஆடும் நேரத்தை வைத்துத்தான் அன்று ஈர்ப்பு விசையை அளக்க வேண்டியிருந்தது. கப்பலோ ஊசலைவிட அதிகமாக ஆடும். நெதர்லாந்தின் ஃபெலிக்ஸ் வெனிங் மெய்னெஸ் ஊசல்களை நீர்மூழ்கிக்குள் கொண்டுபோனார். அலை எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும். 1923இல் கே-2 என்ற நீர்மூழ்கியில் சூயஸ் வழியாக ஜாவா வரை போனார். அதன் பிறகு 1938 வரை பயணம் மேல் பயணம். ஆறரை அடிக்கு மேல் வளர்ந்த மனிதர், நிமிர்ந்து நிற்கவே முடியாத அறையில் மணிக்கணக்கில் குனிந்து ஊசலைப் பார்த்திருக்கிறார். இந்தியப் பெருங்கடலின் தாழ்வு அவர் பெயரோடும், அவருடைய அளவீடுகள் தொகுதியாக வெளிவந்த 1948ஆம் ஆண்டோடும் சேர்த்தே சொல்லப்படுகிறது. ஒரு பயணப் பாதையில் சில புள்ளிகள் மட்டும் தெரிந்ததை முழு வரைபடமாக்கியவை செயற்கைக்கோள்கள். 1978இல் ஏவப்பட்ட சீசாட் மூன்றரை மாதமே வேலை செய்தாலும், கடற்பரப்பின் மேடுபள்ளங்களை ரேடாரால் அளக்க முடியும் என்று காட்டிவிட்டது. 2002 முதல் 2017 வரை கிரேஸ் இரட்டைக் கோள்கள் ஒன்றுக்கொன்று 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தபடி அந்த இடைவெளி கூடுவதையும் குறைவதையும் அளந்தன. 2009 முதல் 2013 வரை ஐரோப்பாவின் கோச்சே சுமார் 255 கிலோமீட்டர் உயரத்திலேயே தாழப் பறந்தது. பள்ளத்தின் வடிவத்தைப் பற்றி இன்று யாருக்கும் சந்தேகமில்லை.

சந்தேகம் அதன் காரணத்தைப் பற்றியது. ஈர்ப்பு அளவீடு ‘எவ்வளவு’ என்று சொல்லும், ‘எங்கே’ என்று சொல்லாது. நியூட்டன் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதிதான்: ஒரே நிறையுள்ள பந்து சிறியதாக இருந்தாலும் பெரியதாக இருந்தாலும் வெளியே நிற்பவருக்கு ஒரே ஈர்ப்புதான். ஆழத்தில் இருக்கும் ஒரு பெரிய குறையும், மேலே பரவலாக இருக்கும் பல சிறு குறைகளும் கடல் மேல் ஒரே பள்ளத்தை உண்டாக்க முடியும். கருவியைக் கூர்மையாக்கினால் இந்தக் குழப்பம் தீராது, ஏனென்றால் இது கருவியின் குறையே அல்ல. உதவிக்கு ஒரே ஒரு பிடிமானம் உண்டு. பரப்பில் நெருக்கமாக ஏறி இறங்கும் மாற்றங்களுக்குக் காரணம் மேலேதான் இருக்க வேண்டும். ஆழத்திலிருந்து வரும் ஈர்ப்பு மேலே வருவதற்குள் பரந்து மழுங்கிவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமான மாற்றத்துக்குக் காரணம் ஆழத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இந்தப் பிடிமானத்தின் பலனை அதே கடலிலேயே பார்க்கலாம். இலங்கைக்குத் தெற்கே கடற்தளம் சுமார் 200 கிலோமீட்டருக்கு ஒன்றாக அலையலையாக மடிந்திருக்கிறது. மடிப்புகளின் உயரம் ஒன்றிரண்டு கிலோமீட்டர். ஆனால் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேலே படர்ந்து பெரும்பகுதியை மறைத்துவிட்டது. ஈர்ப்பு வரைபடத்தில் அவை வரிவரியாகத் தெரிகின்றன. 200 கிலோமீட்டர் என்ற நெருக்கமே இவை மேற்தட்டின் விவகாரம் என்று சொல்லிவிடுகிறது. 1987இல் கடலடியைத் துளைத்து எடுத்த வண்டலின் வயதை வைத்துப் பார்த்தால் இந்த மடிப்பு சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியிருக்கிறது. வடக்கே இமயமலையில் முட்டிக்கொண்டு நிற்கும் இந்தியாவும், கிழக்கே தடையின்றிச் சரியும் ஆஸ்திரேலியாவும் ஒரே தட்டாக நகர்வது நாளுக்கு நாள் சிரமமாகிறது. இடைப்பட்ட கடற்தளம் நசுங்குகிறது, கிழிகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவிலும் இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவிலும் இரண்டு நிலநடுக்கங்கள். சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்த நாள். சுனாமி பெரிதாக வரவில்லை, ஏனென்றால் பாறை மேலே எழும்பவில்லை, பக்கவாட்டில் நழுவியது. தட்டுகள் சந்திக்கும் விளிம்பை விட்டு விலகி, தட்டின் உள்ளேயே நிகழ்ந்த இவ்வளவு பெரிய நழுவல் நிலவியலாளர்களுக்கே அதிர்ச்சி. இதற்கும் 106 மீட்டர் பள்ளத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்ல ஆதாரமில்லை. இரண்டும் ஒரே கடலில் இருப்பதால் ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் கட்டுரைகள் வருகின்றன, அவற்றை ஒதுக்கிவிடலாம்.

ஆழத்தின் ‘எங்கே’ என்ற கேள்விக்கு நிலநடுக்க அலைகள்தான் பதில் சொல்ல முடியும். பூமியின் மேலோட்டுக்கும் மையக்கருவுக்கும் இடையிலுள்ள பாறைப் பகுதிக்குக் கவசம் என்று பெயர். அதன் அடிப்பகுதியில் குறுக்கலை நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 1,000 கிலோமீட்டரைக் கடக்க 143 நொடி. வழியில் பாறை சூடாக இருந்து வேகம் 2 சதவீதம் குறைந்தால், அலை ஏறக்குறைய 3 நொடி தாமதமாக வந்து சேரும். அந்த 3 நொடிதான் சான்று. ஓர் அலையை வைத்து அது வழியில் எங்கே தாமதித்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பல திசைகளில் குறுக்கும் நெடுக்குமாகப் போன ஆயிரக்கணக்கான அலைகளின் தாமதங்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் தாமதித்த இடம் உருத்திரண்டு வரும். 1970களில் தொடங்கிய இந்த முறைக்கு மருத்துவமனையிலிருந்து எடுத்த பெயரையே வைத்தார்கள், டோமோகிராபி. பெயர் கொஞ்சம் கூடுதலான நம்பிக்கையைத் தருகிறது. ஸ்கேன் இயந்திரம் நோயாளியைச் சுற்றி எல்லாக் கோணத்திலிருந்தும் கதிரைப் பாய்ச்சும். இங்கே நிலநடுக்கம் வரும் இடத்தையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது, கருவி வைக்கும் இடமும் பெரும்பாலும் நிலம்தான்.

இந்தியப் பெருங்கடலின் கதி இதில் பரிதாபமானது. 1960களில் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா உலகெங்கும் ஒரே மாதிரியான நில அதிர்வுமானிகளை வைத்தபோது கொடைக்கானலிலும் ஒன்று வந்தது. பெங்களூருக்கு வடக்கே கவுரிபிதனூரில் பிரிட்டிஷ் உதவியோடு ஒரு கருவித் தொகுதி அமைந்தது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் ஒன்று, டியாகோ கார்சியாவில் ஒன்று, கோகோஸ் தீவில் ஒன்று. இவற்றுக்கு நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வெறும் நீர். பள்ளத்தின் அடியிலுள்ள மேல்கவசத்தைப் படம் பிடிக்க அலைகள் ஏறக்குறைய செங்குத்தாக மேலே வந்து தொட வேண்டும். தொடும் இடத்தில் கருவியே இல்லை. ஆகவே உலக வரைபடங்களில் இந்தப் பகுதியின் நிறங்கள் ஒரு குழுவின் படத்துக்கும் இன்னொரு குழுவின் படத்துக்கும் மாறிவிடுகின்றன.

ஆழத்துக்குப் போகப் போக ஒற்றுமை கூடுகிறது. கவசத்தின் அடியில், 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், ஆப்பிரிக்காவின் கீழும் பசிபிக்கின் கீழும் கண்டங்கள் அளவுக்குப் பெரிய இரண்டு பகுதிகளில் குறுக்கலை மெதுவாகப் போகிறது என்பதில் எல்லாக் குழுக்களும் உடன்படுகின்றன. இந்தியாவுக்கும் அதன் தெற்கேயுள்ள கடலுக்கும் அடியில், 1,000 கிலோமீட்டருக்கும் கீழே அலை விரைவாகப் போகும் குளிர்ந்த பாறைப் பட்டைகள் கிடக்கின்றன என்பதிலும் உடன்பாடுதான். அவை டெதிஸ் கடலின் தளம். கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்திலிருந்து பிரிந்த இந்தியா வடக்கே நகர்ந்தபோது, அதற்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த அந்தக் கடலின் தளம் ஆசியாவின் அடியில் அமிழ்ந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு கண்டங்களும் மோதிக்கொண்டன, கடல் மறைந்தது. அமிழ்ந்த தளம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே போய்க்கொண்டே இருக்க, இந்தியா அதன் தலைக்கு மேலாக வடக்கே கடந்துவந்துவிட்டது. ஒரு காலத்தில் இந்தியாவுக்கு முன்னால் இருந்த கடல், இன்று அதன் காலடியிலும் முதுகுப்புறத்திலும் புதைந்து கிடக்கிறது.

குளிர்ந்த பாறை கனமானது. கனமான பொருள் அடியில் இருந்தால் கடல் மட்டம் உயர வேண்டும், தாழக் கூடாது. அப்படியானால் டெதிஸ் எப்படிப் பள்ளத்துக்குக் காரணமாகும்? இந்த இடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. கவசம் திடப்பொருள்தான் என்றாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது ஓடுகிறது. மூழ்கும் பாறை சும்மா மூழ்குவதில்லை. தனக்கு மேலே இருப்பதையும் கீழே இழுத்து, பூமியின் பரப்பையே சற்று அமுக்கிவிடுகிறது. அமுங்கிய இடத்தில் நிறை குறைகிறது. பாறையின் கனம் கூட்டல், அமுங்கல் கழித்தல். இரண்டில் எது வெல்லும் என்பது கவசத்தின் பாகுத்தன்மையைப் பொறுத்தது. பிராட்ஃபோர்ட் ஹேகர் 1984இல் இந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டுக் காட்டினார். கீழ்க்கவசம் மேல்கவசத்தைவிடப் பல மடங்கு கெட்டியாக இருந்தால், புதிதாக அமிழும் பாறையை அது அடியிலிருந்து தாங்கிக்கொள்ளும், மேற்பரப்பு அதிகம் அமுங்காது, ஜியாய்டு உயரும். இந்தோனேசியப் பக்கம் நடப்பது இதுதான். அதே பாறை கீழ்க்கவசத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டால் நிலைமை தலைகீழாகி ஜியாய்டு தாழும். ஒரே பொருள், ஆழம் மாறினால் குறியும் மாறும். பாகுத்தன்மையை யாரும் நேரில் அளந்ததில்லை என்பதால் ஜியாய்டைப் பொருத்திப் பார்த்தே அதையும் கணிக்கிறார்கள். பிறகு அதைக் கொண்டு ஜியாய்டை விளக்குகிறார்கள். இந்தச் சுற்றுவழி தவிர்க்க முடியாததாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு முடிவிலும் அது ஒளிந்திருப்பதை வாசகர் மறக்க வேண்டியதில்லை.

டெதிஸின் இடுகாடே காரணம் என்ற விளக்கம் நெடுநாள் செல்லுபடியாகி வந்தது. கணித்துப் பார்த்தால் பள்ளம் வந்தது, ஆனால் ஆழமும் இடமும் சரியாக அமையவில்லை. 2010இல் சோன்யா ஸ்பாசோயெவிச், மைக்கேல் கர்னிஸ், ரூபர்ட் சதர்லாண்ட் மூவரும் பார்வையை மேலே திருப்பினார்கள்: உலகின் பெரிய ஜியாய்டு தாழ்வுகள் பாறை இடுகாடுகளுக்கு மேலே இருப்பது உண்மைதான், ஆனால் அந்த இடுகாடுகளுக்கு மேல் சூடான, லேசான பாறை எழும்பிவந்திருப்பதையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகிறது என்றார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் அத்ரேயி கோஷ் தன் கூட்டாளிகளோடு 2017இல் வெளியிட்ட கட்டுரை இதை இந்தியப் பெருங்கடலில் இன்னும் குறுக்கியது: சுமார் 300 கிலோமீட்டர் முதல் 900 கிலோமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் லேசான பாறைதான் முக்கியம்.

அந்தச் சூடான பாறை எங்கிருந்து வந்தது? 2023இல் தேபாஞ்ஜன் பாலும் கோஷும் 14 கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்து தொடங்கி, தட்டுகளை அவை நகர்ந்த வழியிலேயே கணினியில் நகர்த்தி, கவசத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பாகுத்தன்மையையும் மற்ற மதிப்புகளையும் மாற்றி மாற்றி 19 ஓட்டங்கள். டெதிஸின் பாறைகள் கவசத்தின் அடிவரை இறங்கி, ஆப்பிரிக்காவின் கீழுள்ள அந்தச் சூடான பெரும்பகுதியின் விளிம்பைக் கலைக்கின்றன. அங்கிருந்து சூடான பாறை எழும்பி, இந்தியத் தட்டு வேகமாக நகர்ந்துபோன வழியில் கிழக்கே சாய்ந்து, பள்ளத்தின் அடியிலும் சுற்றிலும் வந்து சேர்கிறது. பள்ளம் இன்றைய வடிவத்துக்கு வந்தது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். 19 ஓட்டங்களும் ஒரே மாதிரி வரவில்லை. சிலவற்றில்தான் உண்மைப் பள்ளத்தோடு ஒத்துப்போகும் பள்ளம் விழுந்தது. எந்த ஓட்டங்களில் சூடான பாறை எழும்பவில்லையோ அவற்றில் பள்ளமும் சரியாக விழவில்லை என்பது அவர்கள் வாதத்தின் பலம். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. பள்ளத்தின் காரணத்தைப் பள்ளத்துக்கு நேர் கீழே மட்டும் தேடிக்கொண்டிருந்தவர்களை, அது சுற்றுப்புறத்தின் விளைவாகவும் இருக்கலாம் என்று இந்த வேலை யோசிக்க வைத்தது.

மறுப்பும் உடனே வந்தது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் அலெசாண்ட்ரோ ஃபோர்டே கேட்ட கேள்வி கூர்மையானது: தக்காணத்தின் எரிமலைப் பாறைகளைச் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கொட்டிய, இன்று ரீயூனியன் தீவின் அடியிலுள்ள சூடான பாறை எழுச்சியான ரீயூனியன் பிழம்பு இந்தக் கணினி ஓட்டத்தில் தலைகாட்டவே இல்லையே? லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரிஷியஸ் என்று கடலில் தடம் பதித்துப் போன ஒன்றைக் கணினி மாதிரி காட்டவில்லை என்றால், தடமே பதிக்காத பிழம்புகளை அது காட்டும்போது எப்படி நம்புவது? நியாயமான கேள்வி. அதே சமயம் ரீயூனியன் பிழம்பே நாம் நினைத்த மாதிரி இல்லை. 2012-2013இல் பிரான்ஸும் ஜெர்மனியும் அந்தத் தீவைச் சுற்றிக் கடலடியில் 57 நில அதிர்வுமானிகளை இறக்கின. அந்தப் பதிவுகளைச் சேர்த்து 2021இல் வெளியான படத்தில், அடியிலிருந்து நேரே மேலே வரும் தூண் தெரியவில்லை. கீழே பெருத்த அடிப்பகுதி, மேலே சாய்ந்து பிரியும் கிளைகள். பிழம்பு இப்படியெல்லாம் கிளை விடும் என்றால், ஒரு மாதிரியில் அது சரியான இடத்தில் முளைக்காததை மட்டும் வைத்து அந்த மாதிரியைத் தள்ளிவிடவும் தயக்கமாக இருக்கிறது.

தர்க்கத்தால் தீராத இந்த வழக்கு 410 கிலோமீட்டர், 660 கிலோமீட்டர் என்ற இரண்டு ஆழங்களில் தீரக்கூடும். அழுத்தம் தாங்காமல் ஆலிவைன் கனிமம் 410இல் ஒருமுறை தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது, 660இல் உடைந்து வேறு கனிமங்களாகிறது. இரண்டு இடத்திலும் நிலநடுக்க அலையின் ஒரு பகுதி உருமாறி, கருவியில் தனித் துடிப்பாகப் பதிவாகும். பாறை சூடாக இருந்தால் முதல் எல்லை கீழே இறங்கும், இரண்டாவது மேலே ஏறும். நடுவே உள்ள 250 கிலோமீட்டர் தடிமன் சுருங்கும். நீர் கலந்திருந்தாலோ குளிர்ந்திருந்தாலோ தடிமன் வேறு விதமாக மாறும். வேகத்தையும் அடர்த்தியையும் பற்றிய ஊகங்களை அதிகம் நம்பாமல், வெப்பத்தை ஏறக்குறைய நேரடியாகவே இது காட்டிக்கொடுக்கும். ஆனால் கருவி அந்த இடத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் 2018இல் பள்ளத்தின் குறுக்கே கடலடி நில அதிர்வுமானிகளை வரிசையாக இறக்கியது அதனால்தான். கப்பலிலிருந்து விடப்படும் கருவி பல கிலோமீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்து மாதக்கணக்கில் தனியாகப் பதிவு செய்யும். திரும்பி வரும் கப்பல் ஒலிச் சமிக்ஞை அனுப்பினால் கீழே கட்டிய எடையை விட்டுவிட்டு மிதந்து மேலே வரும், வராமலும் போகும். வந்தவற்றிலும் கடலடி நீரோட்டத்தின் இரைச்சல் கலந்திருக்கும்; அதிலிருந்து அந்தத் தனித் துடிப்பைப் பிரித்தெடுக்கப் பெரிய நிலநடுக்கங்கள், சரியான தொலைவில், கருவி கீழே இருக்கும் மாதங்களுக்குள்ளேயே வர வேண்டும். ஓர் இறக்கத்தில் அப்படிக் கிடைப்பவை சொற்பம். எல்லைகள் ஐந்தாறு கிலோமீட்டர் நகர்ந்திருக்கின்றனவா என்று உறுதியாகச் சொல்ல இன்னும் பல இறக்கங்கள் தேவைப்படும்.